ஏழு நாள் கெடு முடிந்தது என்றால் பிளந்த கட்டில் நம் தலையிலா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. பாளையங்கோட்டையில் இருக்கிறேன். மகளுக்குச் சீராகக் கொடுக்க ஆன்லைனில் ஒரு கட்டிலும் ஒரு டிரெஸ்ஸிங் டேபிளும் வாங்கினேன். கட்டில் 38,900 ரூபாய். கிரெடிட் கார்டில் ஆறு மாத இஎம்ஐ. மகள் குடியிருக்கும் கோயம்புத்தூர் வீட்டுக்கே அனுப்பச் சொல்லியிருந்தேன். 3-ஆம் தேதி ஐந்து அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. "எங்கள் ஆள் வந்து மாட்டித் தருவார், அதுவரை பிரிக்காதீர்கள்" என்றார்கள். ஆள் வந்தது 12-ஆம் தேதி. பிரித்துப் பார்த்தால் தலைமாட்டுப் பலகையில் குறுக்கே விரிசல். இழுப்பறைகளின் அடித்தட்டு உப்பியிருக்கிறது. பக்கச் சட்டத்தில் ஸ்க்ரூ ஏற்றினால் தூள் தூளாகக் கொட்டுகிறது. விளம்பரத்தில் 'சாலிட் ஷீஷம் மரம்' என்று போட்டிருந்தது. அன்றே போட்டோ எடுத்து ஆப்பில் புகார் செய்தோம். "டெலிவரி ஆகி ஏழு நாள் தாண்டிவிட்டது, மாட்டிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை, பழைய பெட்டியிலேயே கட்டி 4,500 ரூபாய் பிக்அப் கட்டணம் கட்டினால் பரிசீலிப்போம்" என்று பதில் வந்தது. பிறகு 3,000 ரூபாய்க்குக் கூப்பன் தருகிறோம் என்கிறார்கள். பெட்டிகள் வந்தபோது மருமகன் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டு ஓடிபியும் சொல்லியிருக்கிறார். வழக்கு என்றால் குருகிராமில்தான் போட வேண்டும் என்று அவர்கள் விதிகளில் இருக்கிறதாம். 17-ஆம் தேதி வந்த டிரெஸ்ஸிங் டேபிளில் குறை எதுவும் இல்லை. நிறம் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கிறது, மகளுக்குப் பிடிக்கவில்லை. அதையும் திருப்பிக் கொடுக்கலாமா? பிள்ளைகள் இருவரும் தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் வந்து பார்க்கும்போது எனக்குக் கூசிப்போகிறது.

பதில்: அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

கூசிப்போக வேண்டியவர் நீங்கள் இல்லை. பென்ஷன் பணத்தில் மகளுக்கு நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுக்க நினைத்தீர்கள். உப்பிய பலகையைப் பெட்டியில் போட்டு அனுப்பியவர்கள் அவர்கள்.

நீங்கள் அனுப்பிய புகார் உரையாடலின் நகல்களை முழுக்கப் படித்தேன். 'மிகவும் வருத்தமாக இருக்கிறது', 'ஏதாவது செய்து கொடுங்கள்', 'மகள் கல்யாணச் சீர், தயவுசெய்து பாருங்கள்' என்று பதினோரு தடவை எழுதியிருக்கிறீர்கள். ஒரு இடத்தில்கூட 'இந்தக் கட்டில் எனக்கு வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்' என்று எழுதவில்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். மரியாதையாகப் பேசிப் பழகிய நமக்கு 'ஏற்க மறுக்கிறேன்' என்று எழுதக் கை வருவதில்லை. ஆனால் சட்டம் கேட்பது அந்த வார்த்தையைத்தான்.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கடையில் வாங்கினாலும் செல்போனில் வாங்கினாலும் விற்பனைக்கு அதுதான் அடிப்படை. அதன் 42-ஆவது பிரிவின்படி, பொருள் கைக்கு வந்தபின் மறுப்பு எதுவும் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்துக்கொண்டிருந்தால், நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். அதனால் மறுப்பைத் தாமதமில்லாமல் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு நேரம் இருக்கிறது, ஆனால் ஆறப்போட வேண்டாம். கீழே இருப்பதை அப்படியே எடுத்து, எண்களை நிரப்பி, ஆர்டர் உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் மின்னஞ்சலிலிருந்தே அனுப்புங்கள். ஒரு பிரதியை ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள்.

"மேற்படி ஆர்டரில் 3-ஆம் தேதி அனுப்பப்பட்ட கட்டிலை உங்கள் ஆளே 12-ஆம் தேதி பிரித்து மாட்டினார். அப்போதுதான் தலைமாட்டுப் பலகையில் விரிசலும், இழுப்பறைத் தட்டுகளில் உப்பலும், பக்கச் சட்டத்தில் ஸ்க்ரூ பிடிக்காத நிலையும் தெரியவந்தன. அன்றே புகார் பதிவு செய்தோம். பொருள் குறைபாடுடையது, விளம்பரத்தில் சொன்ன மரத்தால் ஆனதும் அல்ல. ஆகவே இந்தக் கட்டிலை ஏற்க மறுக்கிறேன். உங்கள் செலவில் வந்து எடுத்துச் செல்லுங்கள். நான் செலுத்திய 38,900 ரூபாயை இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். நீங்கள் தருவதாகச் சொன்ன கூப்பனை நான் ஏற்கவில்லை."

இவ்வளவு போதும். சம்பந்தி வீடு, பென்ஷன், மனவேதனை எல்லாம் இதில் வேண்டாம். அவற்றைச் சொல்ல வேண்டிய இடம் பிறகு வரும்.

இதை அனுப்புவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வரிசை மாறக் கூடாது. ஆப்பில் 'என் ஆர்டர்கள்' பகுதிக்குப் போய் அந்தக் கட்டிலின் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். தலைப்பு, விலை, படங்கள், அடியில் பொடி எழுத்தில் இருக்கும் விவரம், விற்பவர் பெயர் எல்லாவற்றையும் தேதி தெரிகிறமாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை மெதுவாக நகர்த்தி ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் எடுத்துக்கொள்ளுங்கள். கடிதம் போன மறுநாள் அந்தப் பக்கத்தில் 'சாலிட்' என்ற சொல் காணாமல் போகலாம். சில வருடங்களுக்கு முன் ஒரு சோபா விவகாரத்தில் எனக்கு அப்படி நேர்ந்தது. நோட்டீஸ் அனுப்பிவிட்டு நான்கு நாள் கழித்துப் பார்த்தால் 'லெதர்' என்றிருந்த இடத்தில் 'லெதரெட்', அதாவது செயற்கைத் தோல், என்றிருந்தது. கட்சிக்காரரின் தம்பி வாங்குவதற்கு முன்பே அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்தான் எங்களைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து முதலில் பக்கத்தைச் சேமி, பிறகு சண்டை போடு என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். இந்த மாதிரி மின்னணுப் பதிவுகளைச் சான்றாகக் கொடுக்கும்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும். எந்தப் போனில், எப்போது எடுத்தது என்ற விவரம் அதற்குத் தேவைப்படும். இப்போதே ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

இனி ஏழு நாள் கெடுவுக்கு வருகிறேன். அது அந்த நிறுவனம் தனக்குத்தானே எழுதிக்கொண்ட விதி. பிடிக்காத பொருளை எத்தனை நாளில் திருப்பலாம் என்பதை அவர்கள் தீர்மானிக்கலாம். குறையுள்ள பொருளுக்கு அந்தக் கெடு கதவடைப்பு ஆகாது. 2020 ஜூலை 23 அன்று வெளியான நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின் 6-ஆவது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: பொருள் குறைபாடுள்ளதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாவிட்டாலும், சொன்ன நாளுக்குப் பிந்தி வந்தாலும், விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது, பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கக் கூடாது. பிந்தி வந்ததற்கு மட்டும், வெள்ளம் புயல் போன்ற கைமீறிய காரணம் இருந்தால் விலக்கு உண்டு.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நேர்மையற்ற வணிக நடைமுறை' எது என்று விளக்குகிற 2(47) பிரிவு இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் குறித்த காலத்துக்குள் பணம் தர மறுப்பது அதில் வருகிறது. பில்லில் காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாள். உங்கள் ஜிஎஸ்டி பில்லை நான் பார்த்தேன். அதில் எந்தக் கெடுவும் இல்லை. ஏழு நாள் என்பது வலைத்தளத்தின் ஒரு மூலையில்தான் இருக்கிறது. வாசகர்களில் சிலர் பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டு வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். அந்த வாசகத்தை நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில் ஏற்க மறுத்திருக்கின்றன.

உங்கள் விஷயத்தில் அந்த ஏழு நாளையும் தின்றது அவர்கள்தான். பிரிக்காதீர்கள் என்றவர்கள் அவர்கள். ஆள் அனுப்ப ஒன்பது நாள் எடுத்துக்கொண்டவர்களும் அவர்கள். 'பிரிக்காதீர்கள்' என்று வந்த குறுஞ்செய்தியையும், ஆள் வருவதாகத் தேதி மாற்றி மாற்றி வந்த செய்திகளையும் மருமகன் அழித்துவிடக் கூடாது. இந்த வழக்கின் முதுகெலும்பு அதுதான். வந்த ஆள் வேலைச் சீட்டு ஏதாவது கொடுத்தாரா என்றும் கேளுங்கள். 'ஸ்க்ரூ நிக்கல' என்று அவர் கைப்பட எழுதியிருந்தால் அதைவிடப் பெரிய சாட்சியம் இல்லை.

கையெழுத்துக்கும் ஓடிபிக்கும் மருமகனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஐந்து பெட்டிகளை வாசலில் இறக்கிவிட்டு அவசரப்படுத்தும் ஆளிடம் எல்லோரும் அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறோம். ஒட்டிய பெட்டிக்குள் இருக்கும் விரிசல் யார் கண்ணுக்குத் தெரியும்? சரக்கு விற்பனைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்கியவர் அதை ஏற்றதாகக் கருத முடியாது என்கிறது. உங்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது 12-ஆம் தேதிதான். அன்றே புகார் செய்துவிட்டீர்கள். மாட்டிய பொருள் என்ற சாக்கும் இதோடு விழுகிறது. மாட்டாமல் ஸ்க்ரூ பிடிக்கவில்லை என்று எப்படித் தெரியும்? மாட்டியதும் அவர்கள் ஆள்தானே.

பிக்அப் கட்டணம் 4,500 ரூபாயைக் கட்டாதீர்கள். அதே சட்டத்தின் 43-ஆவது பிரிவை அறைகலன் வாங்குகிற எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, மறுக்கும் உரிமை உள்ளவர் பொருளைத் திருப்பி அனுப்பிவைக்க வேண்டிய கடமை இல்லை. மறுக்கிறேன் என்று தெரிவித்தால் போதும். எண்பது கிலோ கட்டிலைத் தூக்கிக்கொண்டு நாம் ஓட வேண்டாம். அவர்கள் 'எங்கள் விதிமுறையில் கட்டணம் இருக்கிறது, அதுதான் ஒப்பந்தம்' என்பார்கள். தங்கள் பொருளின் குறைக்கு நுகர்வோரிடமே தண்டம் வசூலிக்கும் ஷரத்து அது. ஆணையத்தின் முன் அதை நியாயப்படுத்துவது அவர்களுக்குச் சுலபமாக இருக்காது. பழைய பெட்டி வேண்டும் என்பதும் அப்படித்தான். பெட்டிகள் இருந்தால் பத்திரமாக வையுங்கள். கிழிந்துபோயிருந்தால் அதற்காக உங்கள் உரிமை போகாது.

இப்போது மரத்தைப் பற்றி. என் தாத்தா ஆசாரி. சிறுவயதில் அவர் பட்டறையில்தான் விடுமுறைகள் கழிந்தன. அதனால் நீங்கள் அனுப்பிய படங்களை ஒரு தடவைக்கு நாலு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். முழு மரத்தில் முகப்பில் ஓடுகிற ரேகை பலகையின் முனையில் திரும்பி உள்ளே போகும். உங்கள் பக்கச் சட்டத்தின் முகப்பில் ரேகை அழகாக ஓடுகிறது. முனைக்கு வந்ததும் கத்தியால் அறுத்தாற்போல் நின்றுவிடுகிறது. முனையில் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் பழுப்புப் பட்டை ஒட்டியிருக்கிறது. ஒரு மூலையில் அது பெயர்ந்து எழும்பியிருப்பதும் தெரிகிறது. ஸ்க்ரூ துளையைச் சுற்றிக் கிடப்பது சுருள் சுருளான மரச்சீவல் இல்லை, அவல் மாதிரி உதிர்ந்த சிம்புகள். மரத்தூளையும் சிம்பையும் பசையோடு அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டு இப்படித்தான் உதிரும். தண்ணீர் பட்டாலோ ஈரமான கிடங்கில் கிடந்தாலோ அடித்தட்டு உப்புவதும் அதனால்தான். ஷீஷம் கனமான கடின மரம். இந்தக் கதி அதற்கு வராது.

ஆனாலும் இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கத்தின் தலைப்பில் 'சாலிட் ஷீஷம்' என்று இருந்தாலும், கீழே விவரப் பட்டியலில் 'எஞ்சினியர்டு வுட், ஷீஷம் ஃபினிஷ்' (ஒட்டி அழுத்திச் செய்த பலகை, மேலே ஷீஷம் தோற்றம்) என்று ஒரு வரி இருப்பதை உங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் கவனித்தேன். அவர்கள் வக்கீல் அந்த வரியைத்தான் பிடித்துக்கொள்வார். நமக்கும் பதில் உண்டு. பொருளைத் தவறாக விவரிப்பதும் முக்கியமான விவரத்தை வேண்டுமென்றே மறைப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(28) பிரிவில் தவறாக வழிநடத்தும் விளம்பரம். விளம்பரம் பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்துப்போக வேண்டும் என்பதும் மின்வணிக விதிகள் விற்பவருக்கு வைத்த கடமை. தலைப்பில் பெரிதாக ஒன்றைச் சொல்லிவிட்டு அடியில் பொடியாக வேறொன்றைச் சொல்வது நேர்மை ஆகாது. இருந்தாலும் வழக்கு முழுவதையும் மரத்தின் மேல் ஏற்றி வைக்காதீர்கள். விரிசல், உப்பல், ஸ்க்ரூ பிடிக்காதது, இவை மூன்றும் எந்தப் பலகையாக இருந்தாலும் குறைதான். முதலில் அவை, பிறகு மரம். இந்த வரிசையில் எழுதினால் அவர்களுக்கு நழுவ இடம் இருக்காது.

கோயம்புத்தூரில் அனுபவமுள்ள ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் கண்டதை எழுதி வாங்குங்கள். பிறகு அதையே பிரமாண வாக்குமூலமாகக் கொடுக்கச் சொல்லலாம். முனையில் பெயர்ந்த பழுப்புப் பட்டை (எட்ஜ் பேண்ட்), உதிர்ந்த தூள் இவற்றைக் குப்பையில் போடாமல் ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி ஒட்டிவிடுங்கள். தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையமே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்கான கட்டணத்தை முதலில் உங்களையே செலுத்தச் சொல்லலாம்.

கூப்பனைத் தொட வேண்டாம். ஆப்பில் 'பிரச்சினை தீர்ந்தது' என்று ஒரு பொத்தான் வரும். தவறிக்கூட யாரும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டார்கள் என்பார்கள். கேட்காமலே வாலெட்டில் போட்டுவிட்டால், 'இதை ஏற்கவில்லை, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்' என்று அன்றே எழுதிவிடுங்கள். அதில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

கோபத்தில் இஎம்ஐ-யை நிறுத்திவிடவும் வேண்டாம். அது உங்களுக்கும் வங்கிக்கும் உள்ள தனிக் கடன். நிறுத்தினால் அபராதமும் சேரும், கடன் மதிப்பெண்ணும் குறையும். நிறுவனத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதற்குப் பதிலாகக் கார்டு கொடுத்த வங்கிக்குக் குறையுள்ள பொருள் என்று எழுதி, சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தை வங்கி மூலமாகவே திரும்பப் பெறுவது, கேளுங்கள். அதற்குக் காலவரம்பு உண்டு என்பதால் மறுப்புக் கடிதம் போன கையோடு இதையும் செய்யுங்கள்.

எங்கே முறையிடுவது? ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். நீங்கள் இத்தனை நாள் பேசியது அவரிடம் இல்லை, வாடிக்கையாளர் சேவையில் இருக்கும் பிள்ளைகளிடம். அவர்கள் முன்னால் திரையில் வருவதைத்தான் சொல்ல முடியும். அதனால் மறுப்புக் கடிதத்தின் முகவரியில் குறைதீர் அலுவலர் பெயரே இருக்கட்டும். விற்பவர் வேறு, தளம் வேறு என்பது உங்கள் பில்லில் தெரிகிறது. கடிதம் இருவருக்கும் போக வேண்டும். ஒருவரை மட்டும் பிடித்தால் அவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. ஆனால் புகாரை நேரடியாக நிறுவனத்தின் மேல்மட்டத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பல சண்டைகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. பதினைந்து நாள் கழித்தும் பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

குருகிராம் பயம் வேண்டாம். 2019 சட்டம் கொண்டுவந்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரையோ வழக்குக்கான காரணம் எழுந்த ஊரையோ தேடிப்போக வேண்டியிருந்தது. இப்போது 34-ஆவது பிரிவின்படி புகார்தாரர் குடியிருக்கிற இடத்திலேயே தாக்கல் செய்யலாம். தளத்தின் விதியில் ஒரு ஊர் பெயரை எழுதிவைத்து, சட்டம் கொடுத்த இந்த உரிமையைப் பறித்துவிட முடியாது. 'தகராறு என்றால் நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும்' என்ற ஷரத்தும் ஆணையத்தின் கதவை அடைக்காது. எமார் எம்ஜிஎஃப் எதிர் ஆஃப்தாப் சிங் வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்துவிட்டது.

உங்களுக்கு இரண்டு ஊர் இருக்கிறது. பணம் கொடுத்தவர் நீங்கள். உங்கள் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவர் என்ற முறையில் மகளும் சட்டப்படி நுகர்வோர்தான். திருநெல்வேலியில் நீங்கள் போடலாம், கோயம்புத்தூரில் மகள் போடலாம். என் யோசனை கோயம்புத்தூர். கட்டில் அங்கே இருக்கிறது. நேரில் பார்வையிட வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேட்டாலும், தச்சரைக் கூப்பிட்டாலும் எல்லாம் ஒரே ஊரில் முடியும். மகளும் நீங்களும் சேர்ந்தே புகார்தாரர்களாக இருங்கள். அப்போது 'ஆர்டர் உங்கள் பெயரில் இல்லையே' என்று மகளிடம் யாரும் கேட்க முடியாது.

ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு ஆணையத்தில் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். விசாரணையைக் காணொளியில் நடத்தவும் மனுக் கொடுக்கலாம். நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் எதிர்த்தரப்பு பதில் தர வேண்டும். ஆணையம் மேலும் 15 நாள் கொடுக்கலாம், அதற்கு மேல் ஒரு நாளும் கொடுக்க முடியாது என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. மூன்று மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட அதிகமாகும். ஒரு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

கேட்க வேண்டியது 38,900 ரூபாய், பணம் கட்டிய நாளிலிருந்து வட்டி, மனவேதனைக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. பாயில் படுப்பதையும் சம்பந்தி வீட்டாரையும் இங்கே எழுதுங்கள், நடந்ததை நடந்தபடி. உங்கள் உறவினர் ஐந்து லட்சம் இழப்பீடு கேட்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். 38,900 ரூபாய் கட்டிலுக்கு நியாயமான ஒரு தொகையைக் கேட்டால் ஆணையம் உங்களை நம்பும். மிகைப்படுத்தினால் உண்மையான வேதனையும் கணக்கில் வராமல் போய்விடும். உத்தரவு வந்தும் அவர்கள் பணம் தராவிட்டால் 72-ஆவது பிரிவு இருக்கிறது: ஒரு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

டிரெஸ்ஸிங் டேபிள் முற்றிலும் வேறு கதை. ஆன்லைனில் வாங்கியதை மனம் மாறித் திருப்பித் தரும் உரிமை நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. பிரிட்டனில் பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். ஐரோப்பிய நாடுகளிலும் அப்படித்தான். அதைப் படித்துவிட்டு இங்கேயும் இருப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே பிடிக்கவில்லை என்பதற்கு நிறுவனத்தின் கொள்கை மட்டும்தான் ஆதாரம். உங்கள் நிறுவனம் ஏழு நாள் தருகிறது. 17-ஆம் தேதி வந்ததால் 24-ஆம் தேதியோடு முடிகிறது. அதனால்தான் இதை மட்டும் உங்களுக்குப் போனிலேயே முன்பே சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். திருப்பும்போது காரணம் கேட்டு ஒரு பட்டியல் வரும். மேஜைக்கு 'பிடிக்கவில்லை' என்றே உண்மையைக் குறியுங்கள். கட்டிலின் புகாரில் மகள் எந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று பாருங்கள். அவசரத்தில் அங்கேயும் 'பிடிக்கவில்லை' என்று அழுத்தியிருந்தால் மறுப்புக் கடிதத்தில் அதைத் திருத்தி ஒரு வரி சேருங்கள். இரண்டு பொருளையும் ஒரே கடிதத்தில் கலக்கவே கூடாது. கலந்தால் 'நிறம் பிடிக்காமல் கட்டிலையும் குறை சொல்கிறார்கள்' என்று பேச அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

பிள்ளைகளை இன்னும் பாயில் படுக்க வைக்க வேண்டாம். உள்ளூர்க் கடையில் வேறு கட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். பில் மட்டும் பத்திரம். இரண்டாவது கட்டில் வாங்கியதால் முதல் கட்டிலுக்கான உரிமை கெடாது. சொல்லப்போனால், அந்தக் கட்டில் படுக்க உதவவில்லை என்பதற்கு அந்தப் பில்லே ஒரு சாட்சி. பழையதை மட்டும் இனி யாரும் பயன்படுத்தக் கூடாது. மெத்தை போட்டுப் படுத்தால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். மறுத்த பொருள் இப்போது அவர்களுடையது, உங்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் ஈரம் படாமல் வைத்திருக்க வேண்டியது நம் பொறுப்பு. மருமகனை மெதுவாகக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றும்போது யாராவது வீடியோ எடுக்கட்டும். ஸ்க்ரூக்களை ஒரு டப்பாவில் போட்டு, பலகைகளைச் சுவரோரமாகச் செங்குத்தாகச் சாய்த்து, மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்திவிடுங்கள். எடுத்துச்செல்ல ஆள் வரும் நாளில் எத்தனை பலகை, என்ன நிலையில் என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஒன்றையும் வாசலைத் தாண்ட விட வேண்டாம்.